செல்லமுத்துவின் குரலில் ஏறிய இரைச்சல்

சசிதரன் மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நண்பகல்தான். ஆனாலும் ரோடு தெரியாதபடி பனிமூட்டம் கவிந்திருந்தது. சேந்தமங்கலத்தில் செல்போனும் ரேடியோவும் பழுது பார்க்கிறவன் அவன். தன் கையில் சரியாகாத பொருளே கிடையாது என்ற கொழுப்பு அவனுக்குக் கொஞ்சம் அதிகம். அந்தக் கொழுப்புதான் அவனை மலையேற்றிக் கொண்டுவந்தது.

மலையிலிருந்து வந்து அம்சவேணி பழுது பார்க்கக் கொடுத்துப்போன எம்பி3 பிளேயர் உள்ளங்கையில் அடங்கும். அதில் பாட்டு எதுவும் இல்லை. அவள் கணவன் செல்லமுத்து போட்ட கூச்சல் மட்டுமே இருந்தது. மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டில் பன்றி இறங்காமலிருக்க, தன் குரலைப் பதிந்து குழாய் ஸ்பீக்கரில் ஓடவிடுவான் அவன். பதிவின் கடைசியில் நிறுத்த மறந்து, பக்கத்தில் நின்ற மனைவியிடம் கேட்டிருந்தான்: "கண்ணு, போதுமா?"

ஆடியில் அவன் காய்ச்சலில் செத்துப்போனான். அவளிடம் பேசிய குரலென்று அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு வரிதான். இப்போது அதன்மேல் ஓர் இரைச்சல் ஏறிக்கொண்டிருந்தது. காய்ந்த இலைகளுக்குள் யாரோ நடந்து வருவதுபோல.

"மத்ததெல்லாம் போனாப் போவுதுங்க. அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் காப்பாத்திக் குடுங்க" என்று கேட்டிருந்தாள்.

கடையில் வைத்துப் பேட்டரியை மாற்றினான். மெமரி கார்டை மாற்றினான். கம்ப்யூட்டரில் ஏற்றி வடிகட்டினால் இரைச்சலோடு குரலும் போனது. ஸ்பீக்கர் தொங்கும் இடத்திலேயே இரைச்சலைப் பிடித்துக்கொண்டு வந்தால், அதை மட்டும் தனியாகக் கழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் மலையேறியிருந்தான்.

காவல் குடிசையில் ஈரமண்ணும் புகையும் நாறின. அம்சவேணியைப் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழைய பிளேயரை ஓடவிட்டு, தான் கொண்டுவந்த புதியதில் பதியத் தொடங்கினான். செல்லமுத்து பன்றிகளை விரட்டினான். அந்தக் குரல் பள்ளத்தில் இறங்கித் திரும்பி வந்தது.

ஓர் இலைகூட அசையவில்லை.

"கண்ணு, போதுமா?" என்றது ஸ்பீக்கர்.

"போதும்" என்று வாய்ப்பழக்கத்தில் தனக்குள் முணுமுணுத்து, சசிதரன் நிறுத்தினான்.

பதிந்ததை இயர்போனில் கேட்டான். கொஞ்சமும் காற்றில்லாத அந்த இடத்தில், இலைகள் நொறுங்கும் சத்தம் மைக்கை நோக்கி வந்துகொண்டே இருந்தது.

அதற்குப் பிறகுதான் அம்சவேணி வாய் திறந்தாள். காவலில் இருப்பவர் குரல் கொடுத்தால் பக்கத்துக் காட்டுக்காரர் பதில் குரல் கொடுப்பது இங்கே முறை. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அதில்தான் தெரியும். செத்தவர் குரலுக்குப் பதில் கூடாது என்று பக்கத்துக் காட்டுக் கந்தப்பன் வாயை மூடிக்கொண்டார்.

"அவரு குரல் அநாதையாக் கெடந்துச்சுங்க. எனக்குத் தாங்கல. ஒரு நாள் நானே பதில் குடுத்துட்டேன். அன்னையிலிருந்துதான் இந்தச் சத்தம்."

ஒயர் லூசாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அவன் மலையிறங்கினான்.

மறுநாள் காலை கடையில் இரைச்சலைக் கழித்தான். ஒரு பொட்டுச் சத்தம் மிச்சமில்லை. பெருமை தாங்கவில்லை அவனுக்கு. உடனே அம்சவேணிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரருகே பிடித்தான்.

பன்றி விரட்டும் கூச்சல் தெளிவாக ஓடி முடிந்தது.

பிறகு அந்த வரி வந்தது.

"சசிதரா, போதுமா?"

குரல் செல்லமுத்துவுடையதேதான். திரும்ப ஓட்டினான். அதே பெயர். மலைக்குப் போகுமுன் எடுத்துவைத்த நகலைத் திறந்தான். அதிலும் அதே பெயர்தான். 'கண்ணு' எங்குமே இல்லை.



"என்னையக் கூப்பிட்டது போயிருச்சுங்களா?" என்றாள் அவள் போனில். அழுகைகூட வரவில்லை. எல்லாம் வற்றிப்போன குரல் அது.

அவனுக்கு அவளை நினைக்க வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"நேத்து காட்டுல... அவரு கேட்டதுக்கு நீங்க ஏதாச்சும் பதில் சொன்னீங்களா?" என்று கேட்டாள் அவள்.

அவன் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி எறிந்தான். கம்ப்யூட்டரை அணைத்தான். கடை இருந்த தெருவில் ஒரு மரம்கூடக் கிடையாது.

கடைவாசலில் காய்ந்த இலை நொறுங்கியது.

பிறகு, அவன் நாற்காலிக்குப் பின்னால்.