அவன் சொல்லாத பறவை

அவனை எல்லோரும் கொக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். வயது இருபத்தாறு. ஒல்லியும் உயரமும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர், கடல் தாண்டி வந்த பிறகும் விடாமல் கூடவே வந்துவிட்டது. இந்த வசந்தத்தில் அவன் இருந்தது, கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பாறை முனையின் உச்சியில், இரண்டு பேர் உட்கார்ந்தாலே முழங்கால் இடிக்கும் ஒரு மரக் குடிலுக்குள். வேலை, பறவை எண்ணுவது.

அன்று காலை அவன் சொல்லாத ஒரு பறவையை யாரோ எண்ணினார்கள்.

"ஆலா, மூணு," என்றான் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடியே. பின்னால் டிக், டிக், டிக். அப்புறம் கடல் காலியாக இருந்தது. சாம்பல் நிறத் தண்ணீர், ஒரு வெள்ளைக் கோடாக அலை, அவ்வளவுதான். அவன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்போதே, அவசரமே இல்லாமல், இன்னொரு டிக்.

குடிலில் வேலை நடக்கிற விதம் அப்படி. ஒருவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் எடுக்கக் கூடாது. எடுத்துத் துடைத்துத் திரும்ப வைப்பதற்குள் ஒரு கூட்டமே தாண்டிப் போய்விடும். அவர் வாயால் சொல்லுவார். பின்சுவரோரம் முக்காலியில் இருப்பவர், கைக்குள் அடங்கும் உலோகக் கவுன்டரைச் சொன்ன எண்ணிக்கைக்கு அமுக்குவார். பார்ப்பவன் எண்ணுபவனைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. காதால் மட்டும்தான் அவனைத் தெரியும்.

முக்காலியில் இருந்தது டீசல் அண்ணன். முன்பு படகு எஞ்சின் பழுது பார்த்தவர். குளித்தாலும் போகாத டீசல் வாசனையும், வாயில் எப்போதும் அடக்கிவைத்திருக்கும் புதினா மிட்டாயின் வாசனையும் அவர் வருவதற்கு முன்னாலேயே குடிலுக்குள் வந்துவிடும்.

"அண்ணே, நான் மூணுதான் சொன்னேன்."

"மூணுதான்டா அமுக்கினேன். காதுல குளிர் பூந்துடுச்சா உனக்கு? பஞ்சு வச்சுக்க."

அவன் சிரிக்கவில்லை. முனையைத் தாண்டும் அதே பறவைகளைச் சற்று நேரம் கழித்துத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரில் உட்கார்ந்து, இந்தக் கணக்கெடுப்பை நடத்தும் மேடம் எண்ணுவார். இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். அந்த வாரம் முழுக்க முனையின் கணக்குத்தான் கூடிக்கொண்டே போனது.

"பறவை எண்ணத் தெரியலன்னா சொல்லிக் குடுக்கலாம்," என்றார் மேடம், துறைமுக அலுவலகத்தில், தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "கூட்டிக் காட்டுறவங்கள மட்டும் நான் வச்சுக்க மாட்டேன் தம்பி. உன் சம்சாரம் வர்றதுக்கு நான் கையெழுத்துப் போடணும்னு கேட்டிருக்க. ஞாபகம் இருக்குல்ல?"

அது அவனுக்குத் தூக்கத்திலும் ஞாபகம் இருந்தது. கல்யாணமாகி எட்டு மாதம், அதில் சேர்ந்து இருந்தது இருபது நாள். பருவம் முடியும்போது இவன் ஒழுங்காக வேலை பார்த்தான் என்று மேடம் எழுதிக் கொடுத்தால் அவள் வரலாம். இல்லையென்றால் இவன் திரும்பிப் போக வேண்டும்.

முனையில் அழைப்பு நிற்காது. பாதிப் பேச்சில் அறுந்துவிடும். எழுத்துச் செய்தி மட்டும் எப்படியாவது போய்ச் சேரும். விரல் விறைத்துப்போவதால் அவன் வாயால் சொல்லி, அது எழுத்தாகி, வீட்டுக்குப் போகும். இடைவேளையில் வெளியே பாறையோரம் நின்று அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் பதில் உடனே வந்தது. "பறவை எண்றதுக்கு சம்பளம்னா, இங்க நம்ம மொட்டை மாடில காக்கா எண்றேன், எனக்கும் வாங்கிக் குடுங்க." கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. "அந்த ஆளு வேணும்னேதாங்க பண்றாரு. அவருக்கு வேலை இல்லாத மச்சான் ஒருத்தன் இருக்கான்னு நீங்களே சொல்லலையா? கொஞ்சம் உஷாரா இருங்க."

அதைப் படித்த பிறகு டீசல் அண்ணன் மிட்டாயைக் கன்னம் மாற்றும் சத்தத்தில்கூட அவனுக்கு ஏதோ திட்டம் தெரிந்தது. தினமும் வேண்டுமென்றே தன்னிடம் ஒரு மிட்டாய் நீட்டுகிறார் என்று தோன்றியது. பேரனைப் பற்றிய கதையெல்லாம் கவனத்தைக் கலைக்கத்தான் என்று தோன்றியது.

பறவைகளும் மாறின. பருவத் தொடக்கத்தில் ஆலாக் கூட்டங்கள் குடிலின் கூரையை உரசுகிற மாதிரி வந்து, கிறீச்சிட்டுக்கொண்டு வடக்கே திரும்பும். கூரைமேல் எந்நேரமும் கடல்காகங்கள் நடக்கும் நகச் சத்தம் கேட்கும். இப்போது கூரை அமைதியாக இருந்தது. ஆலாக்கள் தொலைவிலேயே கடலுக்குள் விலகி, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு வேலியைச் சுற்றிக்கொண்டு போவதுபோல வளைந்து, முனையைத் தாண்டிய பிறகுதான் மறுபடி கரைப்பக்கம் நெருங்கின. காற்றுதான் காரணம் என்றார் டீசல் அண்ணன். காற்று மாறவே இல்லை.

மறுநாள் அவன் ஒரு சோதனை செய்தான். கவுன்டரை அவனே வாங்கித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். "இன்னிக்கு நானே அமுக்கிக்கிறேன். நீங்க சும்மா உக்காருங்கண்ணே."

"மகராசனா செய். எனக்கு இடுப்பு வலி, சாஞ்சுக்கறேன்."

குடிலில் இருந்தது அந்த ஒரே கவுன்டர். அது அவன் நெஞ்சோடு ஒட்டிக் குளிர்ந்து கிடந்தது. ஒரு நீர்க்காகம் தாழப் பறந்து போனது. அவன் வாயே திறக்கவில்லை. பின்னால், மர வாசனையும் ஈரமும் கலந்த அந்த இருட்டு மூலையில், டிக்.

இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறார். வேறென்ன. அன்று சாயங்காலம் இறங்கும்போது, பாறைப் படிக்கட்டில் நின்று அவன் கேட்டேவிட்டான்.

"என் பொழப்பக் கெடுத்துட்டு உங்க மச்சானக் கொண்டாரப் போறீங்க. அதானே?"

டீசல் அண்ணன் மிட்டாயைக் கடித்து நொறுக்கிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த நாள் விடியும்போதே கடலிலிருந்து பனி கிளம்பியிருந்தது. அவன் முதலில் வந்து, விளக்கைப் போடாமல், கவுன்டரை அதன் சங்கிலியால் வழக்கமான ஆணியில் மாட்டிவிட்டுத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். கைப்பேசியைச் சன்னல் விளிம்பில் இடது கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். பனி மெல்லிய துணிபோலக் கிழிந்து கிழிந்து நகர்ந்தது. இடைவெளிகளில் பறவைகள் தெரிந்தன.

பின்னால் கதவு திறந்தது. பிடரியில் குளிர் பட்டது. கதவு சாத்திக்கொண்டது. முக்காலி ஒரு முனகலோடு எடையை வாங்கிக்கொண்டது. ஆணியில் சங்கிலி உரசியது.

"வந்துட்டீங்களா?" என்றான், கண்ணை எடுக்காமல்.

டிக்.

கோபம் இன்னும் தீரவில்லைபோல. இருக்கட்டும். நேற்றுப் பேசியது கொஞ்சம் அதிகம்தான் என்று அவனுக்கே பட்டது. ஆனால் மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை. "ஆலா, ரெண்டு," என்றான். டிக், டிக். "நீர்க்காகம், ஒண்ணு." டிக். சரியாக, சொன்னதற்கு மட்டும். ஒன்றுகூட அதிகமில்லை. நேற்றுக் கேட்டது வேலை செய்திருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி. வெகுநேரம் அப்படியே போனது. அவன் சொல்ல, அது எண்ண.

மூக்குதான் முதலில் கவனித்தது. டீசல் வாசனை இல்லை. புதினா இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு பாறை இடுக்கில் நிற்குமே ஒரு நாற்றம், உப்பும் அழுகிய பாசியும் நனைந்த இறகும், அது அறை முழுக்க மெதுவாக நிரம்பிக்கொண்டிருந்தது. மழைச்சட்டை நனைந்திருக்கும், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கைப்பேசி அடித்தது. கண்ணை எடுக்காமல் தடவி அமுக்கினான்.

"டேய் கொக்கு." ஒலிபெருக்கியில், கரகரப்பாக, டீசல் அண்ணனின் குரல். "பனி கண்ண மறைக்குது. நான் இன்னும் துறைமுகத்துலதான் இருக்கேன். தனியா ஆரம்பிச்சிடாத."

கடல் முழுக்க வெள்ளையாக இருந்தது. அவன் கை தொலைநோக்கியின் குழாயில் அப்படியே ஒட்டிப்போனது.

"நேத்து நீ கேட்டது ராத்திரியெல்லாம் உறுத்திச்சுடா. நான் ஒண்ணும் அமுக்கல. எனக்கும்தான் அந்தச் சத்தம் கேட்டுச்சு. நீதான் பாக்கெட்ல இன்னொண்ணு வச்சு அமுக்கிக்கிட்டே இருக்கன்னு நெனச்சேன். பொண்டாட்டியக் கூட்டிட்டு வரணும்னு பாடுபடற பையன், ரெண்டு கூட வந்தா என்ன, போகட்டும்னு மேடத்துகிட்டகூடச் சொல்லாம விட்டேன். சரி, நேர்ல பேசலாம். இதோ கிளம்பிட்டேன். மிட்டாய் வேணுமா?"

"அண்ணே," என்றான். "வராதீங்க."

டிக்.

பின்சுவரோரம் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில்.

அழைப்பு அறுந்துவிட்டது. முக்காலி முனகியது. உட்காரும்போது வருகிற முனகல் வேறு. இது எழுந்திருக்கிற முனகல்.

"ஆலா," என்றான் சட்டென்று. எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று அவனுக்கே தெரியாது. "ஆலா, ஒண்ணு."

முனகல் நின்றது. டிக்.

கண்ணாடியில் பனியைத் தவிர ஒன்றுமில்லை. அவன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய்ப் பறவை சொன்னான். "நீர்க்காகம், ரெண்டு." டிக், டிக். "ஆலா, அஞ்சு." டிக் டிக் டிக் டிக் டிக். எண்ணிக்கொண்டிருக்கும்வரை அது அசையவில்லை. மூச்சு வாங்க நிறுத்தினால் பலகை ஒன்று அழுந்தியது. இன்னும் பக்கத்தில். ஈர நாற்றம் காதுமடலில் சூடில்லாமல் பட்டது.

திரும்பக் கூடாது. ஏனென்று தெரியவில்லை. திரும்பக் கூடாது, அவ்வளவுதான்.

"கடல்காகம், நாலு."

படிக்கட்டு நீளமானது. ஆனால் டீசல் அண்ணன் வேகமாக ஏறுவார். கதவைத் திறந்து, நேராக உள்ளே தலையை நீட்டுவார். மிட்டாயை நீட்டுவார்.

இடது கை விரல் விளிம்பில் ஊர்ந்து கைப்பேசியைத் தொட்டது. ஒலிவாங்கிப் பொத்தான் எந்த மூலையில் இருக்கும் என்று கட்டைவிரலுக்குத் தெரியும். கடைசியாக எது திறந்திருந்தது, வீட்டாரின் குழுவா, மேடத்தின் குழுவா, ஞாபகமில்லை. எதுவாக இருந்தாலும் சரி. பறவை சொல்லும் அதே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல், சொல்ல ஆரம்பித்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் ஒரு டிக் விழுந்தது. அது எல்லாவற்றையும் எண்ணியது.

அப்போது பனி விலகியது.

முனைக்குக் கீழே கடல் பரப்பு முழுக்கப் பறவைகள். பறக்கவில்லை. தண்ணீர்மேல் உட்கார்ந்திருந்தன. ஆலா, நீர்க்காகம், கடல்காகம், அவனுக்குப் பெயர் தெரியாதவையும், கண் எட்டும் தூரம்வரை, நெருக்கமாக, சத்தமே இல்லாமல். காற்று கடலிலிருந்து நேராக அவன் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் உட்காரும் பறவை காற்றைப் பார்த்துத்தான் உட்காரும். முதுகில் காற்று வாங்கினால் இறகுக்குள் குளிர் நுழைந்துவிடும். அவனுக்கு அவற்றின் வால்கள்தான் தெரிந்திருக்க வேண்டும்.

முகங்கள் தெரிந்தன. எல்லா முகங்களும். இறகுகள் பின்னாலிருந்து பிரிந்து படபடக்க, ஒன்றுகூட அசையாமல், குடிலையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன் தொலைநோக்கியை நுணுக்கமாகத் திருகினான். ஒரு ஆலாவின் கறுத்த கண் வட்டம் முழுக்க நிறைந்தது.

அது அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குச் சற்று மேலே, ஒரு இடத்தைப் பார்த்தது.

வெளியே படிக்கட்டில் யாரோ சீட்டி அடித்துக்கொண்டு ஏறி வரும் சத்தம்.

டிக் நின்றுவிட்டது. கவுன்டர் பலகையில் விழுந்து உருண்டது. கீழே, கடலில், அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில், மெல்ல, மேலே நிமிர ஆரம்பித்தன. பார்வை குடிலின் கூரை இருக்கும் உயரத்துக்குப் போனது. பிறகு அதற்கும் மேலே.

அவன் கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை.

"இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும், டீசல் அண்ணனக் கூப்பிட்டு நிறுத்துங்க. கதவத் திறக்க வேணாம்னு சொல்லுங்க. என்னத் தேடி யாரும் முனைக்கு ஏறாதீங்க. ஏறித்தான் ஆகணும்னா, முதல்ல கீழ நின்னு, பறவைங்க எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்குன்னு பாருங்க. உங்க பக்கம் பாத்துச்சுன்னா, தயவுசெஞ்சு திரும்பிப் பாக்காதீங்க."