குலேந்திரனின் முதல் வரி

ஊஸ்டர் முதியோர் இல்லத்தின் சேர்வர் இருந்தது நிலவறையில். போர் வந்தால் ஒளிந்துகொள்ள என்று சுவிஸ்காரர் வீட்டுக்கு வீடு கட்டிவைத்த கொங்கிரீட் அறைகளில் அதுவும் ஒன்று. போர் வரக் காணோம். அதனால் சிலர் அதில் வைன் வைத்தார்கள், சிலர் ஸ்கி வைத்தார்கள், இந்த இல்லத்தார் சேர்வரை வைத்தார்கள். ஒரு சாண் தடிப்பில் கதவு. உள்ளே போனால் பகலும் இரவும் ஒன்றுதான்.

2017 கார்த்திகையில் ஒரு ஞாயிறு, காலை ஒன்பதரை மணி. நின்றுபோன சேர்வரைத் திருத்த வந்த பானுஜனுக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டவர் பத்மினி அக்கா. இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை; ஞாயிற்றுக்கிழமைகளில் சாவிக்கொத்து அவரிடம்.

"நீரோ தம்பி வந்தனீர்?"

"ஓம் அக்கா."

அதற்கு மேல் அவர் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. சப்பாத்தைப் பார்த்தபடி நின்றான். ஆறு வருடமாக இந்த இல்லத்து வேலைகளை வேறு யார் தலையிலாவது கட்டிவிட்டுத் தப்பித்தவன். இன்றைக்கு வேறு ஆள் அகப்படவில்லை.

"மேலை நேர்ஸ்மார் அந்தரப்படுகினம். பன்னிரண்டு மணி மருந்து ஆருக்கு எவ்வளவெண்டு தெரியேல்லையாம்" என்று சொல்லிவிட்டு அவர் படியேறினார்.

மருந்துப் பட்டியல், சமையலறை, சம்பளம் என்று இல்லத்தின் ஒன்பது கணினிகளும் சேர்வர் என்ற அந்த ஒரே பெட்டிக்குள் மெய்நிகராக ஓடின. பெட்டி எழும்பினால் ஒன்பதும் எழும்பும். எங்கிருந்து தொடங்குவது என்று பெட்டிக்குச் சொல்வது டிஸ்க்கின் தலைமாட்டில் உள்ள பூட் பாட்டிஷன் என்ற சின்னப் பகுதி. பானுஜன் தன் யூஎஸ்பியைச் செருகி அதைத் திறந்து பார்த்தான்.

துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது. ஒரேயொரு ஃபைல். அதற்குள் ஒரேயொரு வரி. வரியில் ஒரு வெற்றுக் கட்டம்.

அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் தெரியாது. தமிழ் எழுத்து வந்தால் கட்டம்தான் காட்டும். என்ன எழுத்து என்று அவனுக்குத் தெரியும்.

குலேந்திரன் அண்ணை, பத்மினி அக்காவின் கணவர், கணினி நிறுவனத்தின் ஓர்லிகோன் அலுவலகத்தில் அவனுக்குப் பக்கத்து மேசை. எந்த ஃபைல் எழுதினாலும் முதல் வரியில் பிள்ளையார் சுழி போடுவார். "குறிப்பு வரியை மெஷின் வாசிக்காது தம்பி, பிள்ளையார் வாசிப்பார்" என்பார். பெட்டியைத் தொடக்குமுன் இரண்டு நெற்றிப்பொட்டிலும் மூன்று குட்டு. வாயில் எந்நேரமும் ஒரு கராம்பு.

2011இல் இதே அறையில் டிஸ்க் மாற்ற வந்த பானுஜன், புதியது என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கின் பூட் பாட்டிஷனை அழித்துவிட்டான். அடுத்த முறை நிறுத்தித் தொடக்கும்வரை அது வெளியே தெரியாது. மூன்று கிழமை கழித்து நிறுத்தித் தொடக்கியவர் குலேந்திரன். இல்லம் இரண்டு நாள் முடங்கியது. மேலாளர் காரணம் கேட்டபோது, பானுஜன் அண்ணை எழுதிய பூட் ஃபைலின் பழைய பிரதியைத் திறந்து அந்த உ-வைக் காட்டினான். "இந்த விசித்திர எழுத்தால் இயந்திரம் குழம்பிவிட்டது" என்று அழகான சுவிஸ் ஜெர்மனில் சொன்னான். இங்கே பிறந்த பிள்ளை சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். அண்ணைக்குத் திருப்பிச் சொல்ல அந்த மொழி போதவில்லை. வேலை போனது. பள்ளிக்கூடங்கள் துடைக்கப் போனார். மூன்றாம் வருடம் ஒரு பள்ளிக்கூட நடையில் துடைப்பத்தோடு விழுந்து செத்தார்.

சேர்வர் நின்ற இரும்புச் சட்டத்தில் தொங்கிய பழுதுக் கோப்பில் அந்த வரி இன்னும் இருந்தது. திகதி, காரணம், கையொப்பம். காரணம் என்ற கட்டத்தில்: குலேந்திரனின் எழுத்து. கையொப்பம் பானுஜனுடையது.

அவன் அந்த ஃபைலை அழித்தான். பாட்டிஷனைப் புதிதாக அமைத்தான். பெட்டியைத் தொடக்கினான்.

டொக். டொக். டொக்.

விசிறியாக இருக்கும் என்று நினைத்தான்.

பெட்டி எழும்பவில்லை. திறந்து பார்த்தால் பாட்டிஷன் மறுபடியும் வெறுமை. ஒரு ஃபைல். ஒரு கட்டம். இரண்டாம் முறையும் அழித்தான். மூன்றாம் முறையும் அழித்தான். அறையில் கராம்பு மணத்தது.

"தம்பி."

தூக்கிவாரிப்போட்டது. கதவடியில் பத்மினி அக்கா, கையில் கோப்பிக் கோப்பையோடு.

"ஒண்டு கேக்கட்டோ? வேலை போனபிறகு அவர் செத்துப்போறவரைக்கும் பிள்ளையார் சுழி போடேல்லை. மகளின்ரை கலியாணக் கொப்பியிலைகூட போடமாட்டன் எண்டிட்டார். நான் போட்டா நாசமாப்போகும் எண்டு அழுதவர்." அவர் குரல் தணிந்தது. "உண்மையா அந்த எழுத்தாலைதானோ நிண்டது?"

இந்த இடத்திலாவது மனிதன் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ஓம் அக்கா" என்றான் பானுஜன்.

அவர் கோப்பியை வைத்துவிட்டுப் போனார். கதவு பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டது. விளக்கு அணைந்தது.

விசிறிகள் நின்றன.

திரை மட்டும் எரிந்தது. அதில் இப்போது கட்டம் இல்லை. தமிழ் தெரியாத அந்தத் திரையில், தெளிவாக, உ.

டொக். டொக். டொக்.

காதுக்குப் பக்கத்தில்.

"அண்ணை..." என்றான். "அண்ணை, நான் சொல்லுறன். விடுங்கோ."

இருட்டில் கதவின் கைப்பிடியைத் தடவிப் பிடித்து இழுத்துத் திறந்து, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினான். சலவை அறையில் பத்மினி அக்கா போர்வை மடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த எழுத்தாலை இல்லை அக்கா. நான்தான் அழிச்சனான். பிழையான டிஸ்க். அண்ணையிலை பழியைப் போட்டனான். இப்பவும் உங்களுக்குப் பொய் சொன்னனான்."

அவர் போர்வையின் நான்கு மூலையையும் சேர்த்து மடித்தார். பானுஜனுக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் போதும் என்றிருந்தது.

"எனக்குச் சொல்லி என்ன" என்றார் கடைசியில். "கோப்பிலை எழுதி வைச்சனீரெல்லோ? அதிலை எழுதும். இல்லத்துப் பெரியவ மாதம் மாதம் வாசிக்கிறவ."

எழுதினால் வேலை போகும். அவனுக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும்.

அவன் கீழே இறங்கியபோது விளக்கு எரிந்தது. பெட்டி தானாக எழும்பி ஓடிக்கொண்டிருந்தது; ஒன்பது கணினிகளும் பச்சை. மணி பதினொன்று நாற்பது.

பழுதுக் கோப்பு மேசையில் விரிந்து கிடந்தது. 2011இன் வரி. திகதி இருந்தது, அவன் கையொப்பம் இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் மட்டும் மை இல்லை, எழுதியதற்கான தழும்பும் இல்லை.

பேனையை எடுத்து, "பூட் பாட்டிஷனை அழித்தவன் நான்" என்று ஜெர்மனில் எழுதப் பார்த்தான். பேனை எழுதவில்லை. உதறினான், கையில் கீறிப் பார்த்தான். கையில் எழுதியது. தாளில் எழுதவில்லை.

பிறகு, ஆறு வருடத்துக்கு முன் தான் எல்லாருக்கும் காட்டிப் பழிபோட்ட அந்த எழுத்தை, தாளின் தலைப்பில் போட்டான்.

உ.

மை வந்தது. மிச்சத்தையும் எழுதினான். கையொப்பம் வைத்தான். கராம்பு மணம் கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றது. யாரோ தோளுக்கு மேலால் குனிந்து ஆறுதலாக வாசிப்பது தெரிந்தது. அவன் திரும்பவில்லை.

டொக். டொக். டொக்.

இந்த முறை அந்தக் குளிர்ந்த விரல்முட்டி குட்டியது பானுஜனின் நெற்றிப்பொட்டில்.