செவ்வந்தி மாலைக்குப் பின்னால் ஒரு பச்சை விளக்கு

விஜயதசமி. காலை ஒன்பது மணி பத்து நிமிடம். கோவை கணபதியில் ‘பொன்னூற்று பம்ப்ஸ்’ கம்பெனியின் புத்தம்புது சேவை அறையில் முப்பது போன்கள் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தன.

ஒன்றாவது அடிக்க வேண்டுமே! அன்றைய பேப்பரில் அரைப்பக்க விளம்பரம் போயிருந்தது. மோட்டாரில் என்ன கோளாறென்றாலும் இந்த நம்பரைக் கூப்பிடுங்கள், ஒன்பது மணியிலிருந்து காத்திருக்கிறோம் என்று. காத்திருப்பது மட்டும் குறைவில்லாமல் நடந்தது. பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக வந்த பெண்கள், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். செல்லிலிருந்து அந்த நம்பரைப் போட்டால், தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் போனது.

உம்மல் குல்சும் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது நிலைமை இதுதான். கோட்டைமேட்டுக்காரி. பல வருஷம் பெரிய கம்பெனியில் தொலைபேசி எஞ்சினியராக இருந்துவிட்டு, போன வருஷம்தான் சொந்தப் பேரில் போர்டு மாட்டினாள். அந்த போர்டுக்கு வந்த முதல் பெரிய வேலை இது. வாய் கொஞ்சம் நீளம், சிரிப்பு அதைவிட நீளம். ஆனால் வாசலில் கிருபாசங்கரைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவன் சென்னைக் கம்பெனி ஒன்றின் விற்பனை ஆள். இதே வேலைக்கு அவளோடு மோதித் தோற்றவன்.

முதலாளி ஈஸ்வரமூர்த்தி சுற்றி வளைக்கவில்லை.

“அம்மணி, பத்தரை வரைக்கும் நல்ல நேரமுங்க. அதுக்குள்ள ஒரு போனாச்சும் அடிச்சாகோணும். இல்லீன்னா வருஷ மெயின்டனன்ஸை இவருகிட்டக் குடுத்துப்போடுவேன். அப்பறம் என்னையத் தப்பா நெனைக்கக் கூடாதுங்க.”

கொங்கு நாட்டில் வேலையை விட்டுத் தூக்குவதுகூட மரியாதையோடுதான் நடக்கும். சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ரோஸ் நிறத்தில் ஒரு கொத்து பனியன் வேஸ்ட்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அந்தக் கருமத்தைத் தூரப் போடச் சொல்லி எத்தனை தரம் சொல்வது என்று பல்லைக் கடித்தாள் மனைவி நஞ்சம்மாள். திருப்பூரில் பனியன் துணி வெட்டி மிஞ்சும் கழிவு அது. பட்டறையில் மெஷின் துடைப்பதற்கென்றே மூட்டை மூட்டையாக வரும். லேத்தில் நின்று முன்னுக்கு வந்த மனுஷன், கைக்குட்டை என்று ஒன்று வாங்கியதே இல்லை.

போன்களுக்கெல்லாம் மூலம் பக்கத்து அறையில் இருந்த ஆளுயர இரும்பு அலமாரி. அதற்குள் ஒரு கார்டு. தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் ஒற்றை ஒயரை முப்பது பேச்சாகப் பிரித்துக் கொடுப்பது அதுதான். ஒயர் சரியாக இருந்தால் கார்டில் பச்சை விளக்கு எரியும். அறுந்தால் சிவப்பு.

நேற்று ஆயுத பூஜை அல்லவா? அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, மேலிருந்து கீழ்வரை செவ்வந்தி மாலையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கார்டும் தெரியவில்லை, ஒயரும் தெரியவில்லை. பூவுக்கு நடுவே பச்சை வெளிச்சம் மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

கிருபாசங்கர் தீர்ப்பே எழுதிவிட்டான். பச்சை எரிகிறது, அப்படியானால் லைனில் குற்றமில்லை. பேச்சு வரவில்லை, அப்படியானால் கார்டு புகைந்துவிட்டது. தன் கம்பெனிக் கார்டு காரிலேயே இருக்கிறதாம்.

கார்டு நல்லதா கெட்டதா என்று பார்ப்பது ஒரு நிமிஷ வேலை என்றாள் குல்சும். அதற்குத்தான் லூப் பிளக் என்று ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் அளவு பிளக், உள்ளே இரண்டே துண்டு ஒயர். கார்டு வெளியே அனுப்புவதை அப்படியே கார்டுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். தான் பேசியது தனக்கே கேட்டால் கார்டுக்குப் பழுதில்லை என்று அர்த்தம். அந்தப் பிளக்கில் சிவப்பு நூல் கட்டி, அலமாரியின் பக்கவாட்டுக் கொக்கியில் அவளே தொங்கவிட்டிருந்தாள். இப்போது பார்த்தால் கொக்கி இருக்கிறது, பிளக்கைக் காணோம்.

தேட மாலையை விலக்கப் போனவளை நஞ்சம்மாள் தடுத்தாள். மறுபூஜை முடியாமல் மாலையில் கைவைக்கக் கூடாதாம். சரி, மறுபூஜை எப்போது? முதல் போன் அடித்ததும் கற்பூரம் காட்டுவதாக முதலாளி முடிவு செய்திருக்கிறாராம்.

மாலையை எடுத்தால்தான் போன் அடிக்கும். போன் அடித்தால்தான் மாலையை எடுப்பார்கள். குல்சுமுக்கு விட்டுப்போன சிரிப்பு திரும்பி வந்துவிட்டது.

“சரீங்க. தொடாமயே கண்டுபுடிக்கறேனுங்க.”

மணி ஒன்பதரை. முதலில் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்க்கும் யூனுசைக் கூப்பிட்டாள். பழைய சகா. அவன் பார்த்துச் சொன்னது அவளையே ஒரு நொடி நிறுத்தியது. அவர்கள் பக்கம் இந்த லைன் நேற்று மாலை நாலே முக்காலிலிருந்து சிவப்பு. ஒரே ஒயர். அந்த முனையில் சிவப்பு, இந்த முனையில் பச்சை. அதெப்படி?

அடுத்து மேனேஜர் கதிர்வேல். அறைச் சாவி இரண்டில் ஒன்று அவனிடம், ஒன்று முதலாளியிடம்.

“நேத்து அஞ்சு மணிக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?”

“பூ மார்க்கெட்லீங்க மேடம். முதலாளியம்மாவும் நானும். மாலை வாங்கிட்டு வர அஞ்சு தாண்டிப்போச்சுங்க.”

“ஆளுக யாரும் உள்ள வரலீங்களா?”

“மத்தியானமே லீவு உட்டாச்சுங்க.”

“கிருபாசங்கர் சார்?”

“பூஜை முடிஞ்சு, பொரி வாங்க வந்தாருங்க. நாந்தான் கேட்டைத் தொறந்துவிட்டேன்.”

குல்சுமுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கிருபாசங்கர் மேல் பழி விழுந்தால் எவ்வளவு வசதி! ஆனால் நேரம் ஒத்துவரவில்லை. பிடிக்காத ஆள் என்பதற்காகத் திருடனாக்கிவிட முடியுமா?

அலமாரிக்கு முன் போய் நின்று மூச்சை இழுத்தாள். பூ வாசம், சந்தன வாசம், அதற்கு அடியில் இன்னொன்று. மண்ணெண்ணெய். கதவின் கீலைக் குனிந்து பார்த்தாள். ரோஸ் நிறத்தில் ஒரு நூல் சிக்கியிருந்தது.

நிமிர்ந்தபோது அவள் முகம் பெருநாள் காலை மாதிரி இருந்தது. எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டாள். மணி பத்தே கால்.

“செஞ்சவரு கெடுக்கோணும்னு செய்யலீங்க. பக்தியாத்தான் செஞ்சிருக்காரு,” என்று ஆரம்பித்தாள். “ஒரே ஒயருக்கு அந்தப் பக்கம் செவப்பு, இந்தப் பக்கம் பச்சைன்னா, இந்தக் கார்டு அந்த ஒயர்லயே இல்லீங்க. காணாமப்போன அந்தப் பிளக்கு இந்தப் பூவுக்குப் பின்னாடி கார்டுலதான் சொருகியிருக்குது.”

யார் சொருகியது? அதையும் அடுக்கினாள். பூஜைக்கு முன்னால் ஒருவர் அலமாரியைத் துடைத்திருக்கிறார். வீட்டுப் பெண்கள் துடைத்தால் ஈரத்துணி. ஆபீஸ் ஆட்கள் துடைத்தால் டிஷ்யூ பேப்பர். தொலைபேசி அலமாரியை மண்ணெண்ணெய் தொட்டுப் பனியன் வேஸ்ட்டால் துடைக்க, லேத்தில் நின்று வளர்ந்த கை வேண்டும். அந்தக் கைக்குச் சாவியும் வேண்டும். நாலே முக்காலுக்கு அது தனியாகவும் இருந்திருக்க வேண்டும்.

“அது நீங்கதானுங்க, சார்.”

கதிர்வேல் அவசரமாகக் கூரையைப் பார்த்தான். ஈஸ்வரமூர்த்தியின் கை தன்னால் சட்டைப் பைக்குப் போய், ரோஸ் நிறத்தைத் தொட்டதும் நின்றது.

“தொடச்சேனுங்க,” என்றார் மெதுவாக. “வருஷா வருஷம் எல்லா மெஷினையும் என்ற கையாலதான் தொடைக்கறது. ஒயரைக் கழட்டித் தொடச்சுட்டு மாட்டினா செவப்பு எரியுது. பூஜையும் அதுவுமா செவப்பு எரிஞ்சா நல்லாவா இருக்கும்? பக்கத்துல ஒரு பொடிசு தொங்குச்சு. அதைச் சொருகினேன், பச்சை வந்துருச்சு. கும்புட்டுட்டு வந்துட்டேனுங்க. அது தப்புன்னே தெரியலீங்களே.”

நஞ்சம்மாள் அதற்குமேல் நல்ல நேரத்தை வீணாக்கவில்லை. கற்பூரத்தைக் காட்டி மாலையைக் கழற்றினாள். முதல் துளையிலிருந்து சிவப்பு நூல் ஜோராகத் தொங்கியது. தொலைபேசி ஒயர் பக்கத்துத் துளையில் இருந்தது. அது பிற்காலத் தேவைக்கு விட்டுவைத்த, இணைப்பே கொடுக்காத துளை.

“அப்ப நேத்திருந்து இந்தக் கார்டு தனக்குத்தானே பேசிட்டிருந்துச்சுங்களா?” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

“ஆமாங்க சார். அது சொன்னதை அதே கேட்டுட்டு, எல்லாம் நல்லா இருக்குதுன்னு பச்சை காட்டிட்டிருந்துச்சு.”

“எங்க ஊட்டுலயும் அப்படி ஒருத்தரு இருக்காரு கண்ணு,” என்றாள் நஞ்சம்மாள்.

முதலில் சிரித்தது ஈஸ்வரமூர்த்திதான். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்து, அந்தக் கண்ணையும் பனியன் வேஸ்ட்டாலேயே துடைத்தார். குல்சும் பிளக்கை உருவினாள், சிவப்பு. திரும்பச் செருகினாள், பச்சை. கார்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று கிருபாசங்கரே ஒப்புக்கொண்டு, ஒரு கை பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். கடைசியாகப் பிளக்கை எடுத்துவிட்டு ஒயரை அதன் சொந்தத் துளையில் மாட்டினாள். இந்தத் தடவை எரிந்தது உண்மையான பச்சை.

மெயின்டனன்ஸ் அவளிடமே இருக்கட்டும் என்றார் முதலாளி. பொடிசை மட்டும் தன் கைக்கு எட்டாத இடத்தில் மாட்டச் சொன்னார். குல்சுமுக்கு உள்ளே பாரம் இறங்கிக் குளிர்ந்தது. அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சேவை அறையில் போன் அடித்தது. மணி பத்து இருபத்தைந்து.

முதல் போனை நானே எடுப்பேன் என்று ஈஸ்வரமூர்த்தி ஓடினார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு விவசாயி.

“ஏனுங்க, காலையிலிருந்து கூப்பட்டுக் கூப்பட்டுப் பாக்கறனுங்க. மோட்டார் ஓடுதுங்க, லைட்டெல்லாம் எரியுதுங்க. தண்ணி மட்டும் மேல வரமாட்டீங்குது.”

ஈஸ்வரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார்.

“நேத்துப் பூஜைக்கு ஸ்டார்ட்டர் பொட்டியைத் தொடச்சீங்களா?”

விவசாயியின் குரல் இறங்கியது.

“நாந்தானுங்க தொடச்சேன். ஒயரைக் கழட்டித் தொடச்சுட்டு மறுக்கா மாட்டிட்டேன்.”

“மாத்தி மாட்டிப்போட்டீங்க. மோட்டார் தலைகீழாச் சுத்துது. மெயினை ஆப் பண்ணிட்டு எதையும் தொடாம இருங்க, ஆளு இப்பவே வருது.”

“அட! பாக்காமயே எப்படீங்க கண்டுபுடிச்சீங்க?”

அறை முழுக்க அவரையே பார்த்தது. குல்சும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஈஸ்வரமூர்த்தி பனியன் வேஸ்ட்டைப் பைக்குள் ஆழமாகத் திணித்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

“அனுபவமுங்க,” என்றார்.