ஜூலைக் கூட்டத்தின் கையெழுத்து

காலை 9.10. கட்டுகஸ்தோட்டை நலன்புரிச் சங்கத்தின் அலுமாரிப் பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே மண்டபக் காணியின் உறுதிப் பத்திரம்தான் இல்லை. பாலர் பாடசாலை நடப்பதும் அந்தக் காணியில்தான்.

சங்கத் தலைவர் ராஜலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஓய்வுபெற்ற கணக்காளர். மூன்று கம்பனிகளில் பணிப்பாளராக இருந்துவிட்டு, எழுபத்துநான்கு வயதில் ஊர்வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்பவர்.

"சாவி ஒண்ணுதானே? யாருகிட்ட இருந்துச்சு?"

"இன்னைக்குக் காலையில மேசையில கிடந்துச்சுங்கய்யா," என்றாள் மண்டபத்தைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளும் பாப்பம்மா. "எப்பவும் திவாகரன் ஐயாகிட்டதான் இருக்கும்."

9.40. உபதலைவர் திவாகரன் வந்து சேர்ந்தார். மாதக் கூட்டத்துக்கே ஒவ்வொரு தடவையும் அரை மணி பிந்துகிற மனுஷன், திருட்டுக்கு மட்டும் நேரத்தோடு வந்துவிடுவாரா என்ன?

"ஜூலைக் கூட்டத்துலயே சாவிய இந்த அம்மாகிட்ட கொடுத்துட்டேனே! குறிப்புல இருக்கு, பாருங்க."

அலுமாரியிலிருந்த கூட்டக் குறிப்புக் கோப்பைச் செயலாளர் நிரோஷா விரித்தாள். ஜூலைக் கூட்டத்துக்குப் பிறகுதான் அவள் பதவிக்கு வந்தாள். ஜூலைப் பக்கத்தில் இருந்தது: சாவி பாப்பம்மாவிடம் ஒப்படைக்கப்பட்டது. கீழே ராஜலிங்கத்தின் கையெழுத்து, ஜூலை 12.

"பொய்யிங்க! என் கையில யாரும் தரல."

"அப்ப தலைவர் பொய்க்கா கையெழுத்து வச்சாரு?" என்றார் திவாகரன். "இவங்கள இன்னைக்கே வேலைய விட்டு நிப்பாட்டணும்."

ராஜலிங்கம் குனிந்து பார்த்தார். கையெழுத்து அவருடையது போலவே இருந்தது. சாவி கைமாறியதுதான் நினைவில் இல்லை. வயதாகிவிட்டதோ என்று பயந்தார்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க, பாப்பம்மா. மறந்திருப்பீங்க."

அவள் முகம் சுருங்கிப்போனது.

10.05. கோப்பைப் பின்னோக்கிப் புரட்டிய ராஜலிங்கத்தின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"நிரோஷா, ஜூன் மாசக் குறிப்புல நான் என்னைக்குக் கையெழுத்து வச்சிருக்கேன்?"

"ஜூலை பன்னிரண்டு, சேர்."

"மே மாசத்துக்கு?"

"ஜூன் பதினாலு."

"கம்பனியோ சங்கமோ, போன கூட்டத்துக் குறிப்ப அடுத்த கூட்டத்துல வாசிச்சு, எல்லாரும் சரின்ன பிறகுதான் தலைவர் கையெழுத்து வைப்பார். ஜூலைக் குறிப்புக்கு ஆகஸ்ட் தேதிதான் வரணும். இதுல கூட்டம் நடந்த அன்னைக்கே வச்சிருக்கு. இது நான் வச்சதில்ல. கூட்டத்துல முதல் வேலையே அந்த வாசிப்புதான். அதை ஒரு நாளும் பார்க்காத ஆள் கமிட்டியில ஒருத்தர்தான். அரை மணி பிந்தி வர்ற நீங்க, திவாகரன்."

திவாகரன் தலையைக் குனிந்து ஒப்புக்கொண்டார். கெலிஓயா வியாபாரி ஒருவருக்குக் காணியை விற்று முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாராம். முந்தின நாளே வந்து உறுதியை எடுத்து, பொய்க் கையெழுத்தோடு பக்கத்தை மாற்றி, சாவியை மேசையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். உறுதி அவருடைய காரிலேயே இருந்தது.

10.30. ராஜலிங்கம் அலுமாரியைப் பூட்டிச் சாவியைப் பாப்பம்மாவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"இருபது வருஷமா இங்க கூட்டுறேங்கய்யா. அந்தத் தாள நம்புனீங்க. என்னைய நம்பலியே."

ராஜலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். வெட்கமாக இருந்தது.

"என் தப்புதான், பாப்பம்மா," என்றார், எல்லோர் முன்னாலும்.

பாப்பம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.