தறியில் முனகிய துணி

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த மத்தியானத்தில், குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை வீசப்போன கையை நெசவுக்காரி அப்படியே நிறுத்தினாள். தறியில் நெய்து முடித்த பக்கம், யாரும் தொடாத துணி, முனகியது.

பருத்தி நூலோடு தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியைச் சேர்த்து அவள் நெய்த துணி அது. தொட்டால் தண்ணீர் சலசலக்கும், தடவினால் புறா குமுறும், அழுத்தினால் கதவு கிறீச்சிடும். அந்தச் சத்தங்களைப் பதிவுசெய்து, கம்பிகளை ஸ்பீக்கரோடு இணைத்தவன் அவள் தம்பி. அம்மா போனபிறகு அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். அவன் பதிந்தவற்றில் முனகல் எதுவும் இல்லை.

அவள் கூப்பிட்டதும், கம்பி பற்றவைக்கும் ஈயம் உருகிய வாடையோடு வந்தான்.

"உன் முட்டி முனகின சத்தமா இருக்கும்க்கா" என்று சிரித்தபடி துணியை விரலால் ஒரு குத்து குத்தினான்.

குழந்தை விசும்புவதுபோல ஓர் ஒலி, ஸ்பீக்கர் இருந்த மூலையிலிருந்து இல்லாமல் துணிக்குள்ளிருந்தே எழுந்து, அறையின் ஈரக் காற்றில் கலைய மனமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கம்பிகளைக் கழற்றிவிடலாம் என்று கெஞ்சினாள். அவன் காதில் வாங்கவில்லை. வருஷக்கணக்காக எந்தக் கண்காட்சியிலும் தங்களை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை, இதைக் கேட்டால் கூட்டம் நகராது என்று சொல்லிக்கொண்டே முஷ்டியால் அடித்தான். துணி அலறியது. ஓங்கி அடித்தான். இன்னும் தெளிவாக அலறியது. அவன் முகத்தில் அவள் அதுவரை பார்க்காத ஒரு பசி.

அவள் ஓடிப்போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். அலறல் ஓயவில்லை.

"கரண்ட்டே இல்லடா. விட்டுடு."

அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கைப்பிடிவரை துணிக்குள் இறக்கினான்.

சட்டென்று அமைதி. ஓட்டில் மழை விழும் சத்தம் மட்டும்.

பிறகு தறியில் நெடுக்காக விறைத்து நின்ற பாவு நூல்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. அவன் மணிக்கட்டைச் சுற்றின. முழங்கையை. கழுத்தை. இழுத்துத் தறிக்கட்டையில் மோதின. மூக்கு நொறுங்கியது. மறுபடியும் மோதின. மரமெல்லாம் ரத்தம்.

அவள் கத்தரியோடு பாய்ந்து, கழுத்தை இறுக்கிய நூலில் ஒன்றை வெட்டினாள். நூல் அறுந்தது. அதே நொடியில் அவன் தோளில் தோல் பிளந்தது, கத்தரி பட்டதுபோல நேராக. சூடான ரத்தம் அவள் விரல்களில் வழிந்தது.

கத்தரி நின்றது.

"வெட்டுக்கா."

தம்பியின் குரல்தான். ஆனால் வந்தது துணியிலிருந்து.

"நிறுத்தாதக்கா. வெட்டு."

அவன் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கண்ணில் தண்ணீர். ஏதோ சொல்ல வாயை அகலத் திறந்தான், சத்தமே வரவில்லை. அவள் குனிந்து பார்த்தாள்.

நாக்கைத் தாண்டி, தொண்டைக்குழியில், மேலிருந்து கீழாக நெருக்கமாகக் கட்டிய செப்பு இழைகள், நெய்யக் காத்திருக்கும் பாவுபோல விறைத்து, அதிர்ந்துகொண்டிருந்தன.