கோணல் கிண்ணங்கள்

ஓரகடத்திலிருந்து வடக்குப்பட்டுக்குப் பிரியும் சாலையில், கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய புழுதி அடங்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மணிகண்டபிரபுவும் அவன் மனைவி வேல்விழியும் சாமான்களோடு வந்து இறங்கினார்கள். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பிரபு வீட்டைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அவன் வாடகைக்குப் பிடித்ததே கொட்டகையைத்தான்.

கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவனுக்குத் தரம் பார்க்கிற வேலை. நாளெல்லாம் அடுத்தவன் செய்த பொருளைக் கையில் எடுத்து, உதட்டைப் பிதுக்கி, தேறாததைச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பிதுக்கல் முகத்திலேயே தங்கிவிட்டது. மைத்துனன் வாங்கிய மனையைப் பார்த்தாலும் அதே முகம், வேல்விழி புதுச் சேலை கட்டி வந்து நின்றாலும் அதே முகம்.

அவனுக்கு இருந்த ஒரே ஆசை மெட்டல் ஸ்பின்னிங். லேத்தில் வட்டத் தகட்டைச் சுழலவிட்டு, மொண்ணை நுனிக் கம்பியால் அழுத்தி அழுத்தி, மர அச்சின்மேல் படியவைத்துக் கிண்ணமாக்குகிற வேலை. போனில் நூறு பேர் செய்வதைப் பார்த்திருந்தான். நூறு பேரும் தப்பாகச் செய்கிறார்கள் என்பது அவன் முடிவு.

“உள்ள கீற லேத் மிசினு என் தம்பி கோபாலோடது,” என்றாள் வீட்டுக்காரி சந்திரம்மாள், கொட்டகைச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு. “அது முன்னாடி நின்னுகினு இருக்க சொல்லோதான் நெஞ்சு வலி வந்து வுயுந்தான். வருசம் ஆறு ஆவுது. வூட்டுல நல்லா இருந்துக்கோ. மிசின மட்டும் தொடாத.”

“ஏன், வந்து அடிப்பாரோ?”

“அடிக்க மாட்டான்,” என்றாள் அவள், சிரிக்காமல்.

பிரபு கையை நீட்டியபடியே நின்றான். கடைசியில் அவள் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கொட்டகைக் கதவைத் தள்ளியதும் உள்ளிருந்த இருட்டு வெயிலைக்கூட வாசலோடு நிறுத்தியது. பழைய எண்ணெய் வாடை. அதற்கு அடியில், சற்று முன்தான் யாரோ வேலை பார்த்ததுபோல, சூட்டில் கருகிய சோப்பின் வாடை. சுவரோரப் பலகையில் ஐந்து அலுமினியக் கிண்ணங்கள் இருந்தன. ஐந்தும் கோணல்.

“இத கையால செஞ்சானா காலால செஞ்சானா,” என்றான் பிரபு. ஒன்றை எடுத்துச் சுண்டிப் பார்த்தான். “பெரிய மிசின்காரனாம். இதுல குளிக்கத் தண்ணி மோந்துக்கிடலாம்.”

“செத்தவுக சாமான், அப்படியே இருக்கட்டும்,” என்றாள் வேல்விழி.

“செத்தா மட்டும் கோணல் நிமிந்துருமா?”

அந்தக் கிண்ணம் குளியலறைக்குப் போனது.

அடுத்த ஞாயிறு மதியம் அவன் முதல் தகட்டை ஏற்றினான். பெல்ட் படபடவென்று அடித்துச் சுழன்றது. சுற்றும் தகட்டில் சோப்பைத் தேய்த்து, கம்பியை அக்குளில் இடுக்கி அழுத்தினான். தகடு மெல்ல வளைந்தது. மனசுக்குள் அவன் தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்ட நேரத்தில், முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

ச்சு.

நாக்கைத் தட்டுகிற சத்தம். தேறாதவனைப் பார்த்துத் தேறினவன் போடுவது.

திரும்பினான். வாசல் வெயில் மட்டும் நின்றது.

மறுபடி அழுத்தியபோது அவன் கைமேல் இன்னொரு கை கனத்தது. குளிர்ச்சியில்லை, சூடுமில்லை, எடை மட்டும். கம்பியை அது தன் பக்கம் இழுத்தது. விடக்கூடாதென்று பிரபு வீம்புக்கு எதிர்ப்பக்கம் தள்ளினான். இரண்டுக்கும் நடுவில் தகட்டின் விளிம்பு அலையடித்துச் சுருங்கியது. லேத்தை நிறுத்திப் பார்த்தால், பலகையில் இருந்ததைவிட மோசமான கோணல்.

அதைப் பழைய இரும்புச் சாக்கில் வீசிவிட்டு, “தகடு சரியில்ல,” என்று வேல்விழியிடம் சொன்னான்.

புதன்கிழமை அவன் ஷிப்டுக்குப் போயிருந்தபோது, வேல்விழி கொட்டகைப் பக்கம் துணி காயப்போட்டாள். பிற்பகல் மூன்று மணி. கதவு பூட்டியிருந்தது. உள்ளே யாரோ நகத்தால் கிண்ணத்தைச் சுண்டினார்கள்.

டிங்.

சற்று அமைதி. பிறகு, ச்சு.

அடுத்த கிண்ணம்.

டிங். ச்சு.

அவள் எண்ணினாள். ஆறு தடவை.

துணியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். குளியலறையில் கிண்ணம் இல்லை.

சாயங்காலம் பிரபு வந்ததும் சொன்னாள். “இந்த வீடு வேண்டாம். எனக்கு நடுங்குது.”

“எலியா இருக்கும். உங்க ஊர்ல எலிக்கும் பேய்க்கும் வித்தியாசம் தெரியாதுல்லா.”

“எனக்காக ஒரு தடவ கேளுங்களேன்.”

“உயிரோட இருந்தப்பவே ஒரு கிண்ணம் ஒழுங்காச் செய்யத் தெரியாத பய. செத்து என்னத்தக் கிழிக்கப் போறாம்?”

அதைச் சொல்லும்போது கொட்டகைப் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தித்தான் சொன்னான்.

மூன்றாவது ஞாயிறு. தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு சொடுக்கியது. பிரபு பெரிய தகடாக எடுத்தான். கோபாலுக்குக் காட்டவேண்டும் என்ற எண்ணம் அவனுக்கே தெரியாமல் உள்ளே இருந்தது. தகட்டை எதிர்ப்பக்கத்திலிருந்து நெருக்கிப் பிடிக்கும் டெயில்ஸ்டாக்கைத் தள்ளினான். “பாருவே, வேலைன்னா என்னன்னு பாரு,” என்று காற்றிடம் சொல்லிக்கொண்டே மோட்டாரைப் போட்டான்.

டெயில்ஸ்டாக்கைப் பூட்டவில்லை. ஊரார் செய்த தப்பையெல்லாம் கண்டுபிடிக்கிறவன், அதைப் பார்க்கவில்லை.

வேகம் ஏற ஏறத் தகடு கண்ணாடிபோல் ஆனது. அதில் அவன் முகம் கலங்கித் தெரிந்தது.

அவன் தோளுக்கு மேல் இன்னொரு முகம்.

அவன் முகம் சுழற்சியில் நடுங்கியது. அந்த முகம் நடுங்கவில்லை. நரைத்த மீசை, பாதி மூடிய கண். கீழுதடு பிதுங்கியிருந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிரபு அந்தப் பார்வையை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தான். ஐந்தாம் வகுப்பில் தப்பாகச் செய்த கணக்கோடு நின்ற பையனாகிவிட்டான்.

“டீ,” என்று பின்னால் வாசலில் வேல்விழியின் குரல்.

தகடு ஊளையிட்டது.

காதருகே, மிகவும் தாழ்ந்து, சலித்துப்போன ஒரு குரல் சொன்னது.

“நவுரு.”

விலாவில் ஒரு இடி. அவன் பக்கவாட்டில் விழுந்தான். கையிலிருந்த கம்பி தகட்டில் பட்டுத் தெறித்தது. பிடி விட்ட தகடு விசிலடித்துக்கொண்டு அவன் நின்ற இடத்தைக் கடந்து போனது.

டம்ளர் விழுந்தது.

வேல்விழி நின்றுகொண்டிருந்தாள். அவள் உச்சிக்கு ஒரு சாண் மேலே, கதவு நிலையில், தகடு பாதி புதைந்து இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

சத்தம் கேட்டுச் சந்திரம்மாள் வந்தாள். தகட்டைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். வேல்விழியின் தோளை அணைத்துக்கொண்டாள்.

“உங்க தம்பி கோணலாச் செஞ்சதுதானே அதெல்லாம்,” என்றான் பிரபு, பலகையைக் காட்டி. வேறென்ன கேட்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

“அவனா? அவன் செஞ்சது என் வூட்டுல கீது. தண்ணி ஊத்தி வெச்சா தண்ணிக்கும் கிண்ணத்துக்கும் வித்தியாசம் தெரியாது.” அவள் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். “இதுங்கோ எல்லாம் உன்ன மாதிரி வாடகைக்கு வந்தவனுங்கோ செஞ்சது. ஆளுக்கு ஒண்ணு. அவனுக்கு எவன் வேலையும் புடிக்காது பா. உசுரோட இருக்க சொல்லோவும் அப்டித்தான். பொண்டாட்டி கூட தாங்காம பூட்டா.”

பலகையில் ஆறு கிண்ணங்கள் இருந்தன. கடைசியில் இருந்தது, பிரபு சாக்கில் வீசியது.

அன்றைக்கே காலி செய்தார்கள். குன்றத்தூரில் மலைக்கோயில் தெரிகிற மாதிரி ஒரு மாடி வீடு கிடைத்தது. பிரபு லேத் பக்கமே போகவில்லை. கம்பெனியில் அவன் தொட்டியில் போடும்போது கை தயங்குவதாகச் சொன்னார்கள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு மதியம், இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வேல்விழி புளிக்குழம்பு வைத்திருந்தாள். முதல் கவளத்தில் பிரபுவின் உதடு பழக்கத்தில் பிதுங்கியது.

அவன் முன்னால் இருந்த தட்டு, சோற்றோடும் குழம்போடும், மெல்லச் சுற்றத் தொடங்கியது.

வேல்விழி பார்த்தாள். அவள் தட்டு அசையவில்லை. அடுத்த கவளத்தை உருட்டினாள்.

“நல்லாருக்கு,” என்றான் பிரபு, அவசரமாக. “குழம்பு நல்லாருக்கு.”

தட்டு நிற்கவில்லை.