கற்களுக்கு வழிவிடவும்

ரொட்டிக் கடைச் சுவரிலிருந்து கழன்று இறங்கிய வெள்ளைக் கல் ஒன்று சாலையைக் கடந்துகொண்டிருந்தது. நத்தை வேகம். லாரி ஓட்டுநர் பிரேக்கை மிதித்துவிட்டு, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார். கற்களுக்கு வழிவிடாவிட்டால் பிரான்ஸ் முழுக்க அபராதம்.

கல் சாலையைத் தாண்டியது. குன்றில் ஏறியது. மோர்வால் கோட்டையை நோக்கிப் போனது.

மேலே, பாதி சரிந்த கிழக்குக் கோபுரத்தின் அடியில் மதலேன் நின்றிருந்தாள். புதுச்சேரியில் இருந்த ஒரே வீட்டை விற்று, தம்பி இஞ்ஞாசியோடு சேர்ந்து இந்தக் கோட்டையை வாங்கியவள். வாங்கிய அன்றே கூரையில் ஒரு பகுதி விழுந்தது. குளிர்காலத்துக்குள் கோபுரம் நிமிராவிட்டால் கோட்டையை இடித்துத் தள்ளிவிடுவதாக மாவட்ட ஆட்சியர் எழுதியிருந்தார். இடித்தால் போக்கிடம் கிடையாது. அங்கேயும் வீடு இல்லை, இங்கேயும் இல்லை.

"வாடா ராசா, வா," என்றாள் கல்லைப் பார்த்து.

"என்னை ஒரு நாளாவது இப்படிக் கூப்பிட்டிருக்கியா?" என்றான் இஞ்ஞாசி, கையிலிருந்த கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ என்னைக்காவது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கியா?"

கல் சுவரேறி, காலியாக இருந்த பொந்தில் சொருகிக்கொண்டது. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை.

இது இஞ்ஞாசி தூவியிருந்த மீள்துகளின் வேலை. பார்க்க மைதா மாவு மாதிரி இருக்கும். ஒவ்வொரு துகளும் ஒரு நுண்ணியந்திரம். கல்லின் துளைகளில் புகுந்து உளித்தடத்தைப் படிக்கும். ஒட்டியிருக்கும் பழைய சாந்தைப் படிக்கும். இந்தக் கல் முன்பு எங்கே, எந்தக் கல்லின் பக்கத்தில் இருந்தது என்று கண்டுபிடித்த பிறகு, கோடிக்கணக்கான துகள்கள் கைகோத்து அதைத் தூக்கிக்கொண்டு அங்கே நடக்கும். காற்றில் பரவி, தொட்ட கல்லிலெல்லாம் தொற்றும்.

தொல்லை என்னவென்றால், கோபுரத்தின் மேல்பாதி கிராமத்தில் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் கோட்டைப் பிரபு ஓடிப்போனதும் ஊர்க்காரர்கள் கோபுரத்தைப் பிரித்து வீடு கட்டிக்கொண்டார்கள். ரொட்டிக்கடை கோலெத்தின் அடுப்பே கோபுரக் கல்தான்.

கோலெத் ஊரைத் திரட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனாள்.

"இந்தக் கல்லு எங்க அடுப்பிலே தலைமுறை தலைமுறையா ரொட்டி சுட்டிருக்கு, மதாம். உங்க கோபுரத்திலே அது என்ன செஞ்சுது? காக்காய்க்கு உக்கார இடம் கொடுத்துது!"

நீதிமன்றம் சிரித்தது. கோலெத்தின் வக்கீல் சரியான இடத்தில் கத்தியைச் செருகினார். துகளுக்கு ஓர் எல்லைக் காலம் கொடுப்பது வழக்கம். இந்த வருடத்துக்கு முன்னால் போகாதே என்று. "அந்த வருடத்தை யார் முடிவு செய்வது? கோட்டைக்காரருக்குச் சௌகரியமான வருடமா?"

மதலேனின் வக்கீல் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவளே எழுந்துவிட்டாள்.

"வருஷமே வேண்டாம் ஐயா. ஒரு கல் முதன்முதலில் எங்கே இருந்ததோ, அதுதான் அதற்குச் சொந்த இடம். எல்லையையே எடுத்துவிடுங்கள்."

இஞ்ஞாசி அவள் கையைப் பிடித்து இழுத்தான். தாமதம். நீதிபதிக்கு அந்த வாதம் பிடித்துவிட்டது. எல்லைக் காலம் நீக்கப்பட்டது. பின்னால் யாரும் தங்கள் வசதிக்கு மாற்றிவிடக் கூடாது என்று துகளுக்கான கட்டளைக்கு நிரந்தரப் பூட்டும் போடப்பட்டது.

கோலெத்தின் அடுப்பு எழுந்து நடந்தது. பாதிக் கிராமம் கூடாரத்துக்குப் போனது. முதல் பனி விழுவதற்கு முன் கோபுரம் நிமிர்ந்து நின்றது. ஆட்சியர் வந்து அண்ணாந்து பார்த்தார், கைகுலுக்கினார், போனார். மதலேன் அன்றைக்குத்தான் பெட்டிகளைப் பிரித்து, புடவைகளை அலமாரியில் அடுக்கினாள்.

மறுநாள் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது சமையலறைச் சுவரில் சூரியன் தெரிந்தது. அங்கே ஜன்னல் கிடையாது.

"இஞ்ஞாசி! ஒரு கல்லு வெளியே போவுதுடா!"

அவன் திரையோடு ஓடி வந்தான். அதைச் சுவருக்கு நேரே பிடித்துப் படித்தான்.

"சாந்துக்கு அடியிலே இன்னொரு சாந்து இருக்குக்கா. நம்ம கல்லெல்லாம் ஆத்தோரம் இடிஞ்சு கிடக்கே ஒரு மடம், அதோடது. கோட்டை கட்டின முதல் பிரபு மடத்தை உடைச்சிருக்கான்."

"நிறுத்து."

"முடியாது."

"நிறுத்துடான்னா!"

"பூட்டு போடச் சொன்னது யாரு? நானா?"

மதலேன் நீதிமன்றத்துக்கு ஓடினாள். அதே நீதிபதி. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவள் பேசியதை அவளுக்கே வாசித்துக் காட்டினார். இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது மதாம் என்றார்.

வசந்தம் வருவதற்குள் கோட்டை நின்ற இடத்தில் அலமாரியும் கட்டிலும் ஒரு ஷவரும் மட்டும் இருந்தன. ஆற்றோரம் மடம் எழுந்தது. திருச்சபை ஆட்கள் மணி மாட்ட வந்தார்கள். மணி மேலே ஏறுவதற்குள் மடம் கிளம்பிவிட்டது. அதன் கற்கள் ஒரு ரோமானியப் பாலத்திலிருந்து வந்தவை. பாலம் அரைகுறையாக நின்றபோதே, எல்லாக் கற்களும் ஒட்டுமொத்தமாகத் திரும்பி, கிராமத்துக்குப் பின்னால், ஆதியில் அவற்றை வெட்டியெடுத்த கல்குழிக்கு ஊர்வலம் போயின. குழி நிரம்பியது. மேடானது. ஒரு வெள்ளை மலை நின்றது, உளியே படாதது போல.

கோலெத் சம்மட்டியோடு வந்தாள். கூடாரத்தில் இப்போது அவளுக்கு அடுத்த படுக்கை மதலேனுடையது.

"எனக்கு அடுப்பு வேணும். உனக்குச் சுவர் வேணும். பிடி."

இருவரும் மாறி மாறி அடித்தார்கள். தலையளவு துண்டு ஒன்று பெயர்ந்தது. கோலெத் அதைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டினாள். சாக்கு நெளிந்தது. கிழிந்தது. துண்டு வெளியே வந்து, அவள் செருப்பைச் சுற்றிக்கொண்டு போய், பெயர்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

கோலெத்துக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "சரி மதாம். உங்க கல்லு ஒருவழியா வீட்டுக்கு வந்து சேர்ந்தாச்சு!"

"இல்லே," என்றான் இஞ்ஞாசி.

இருவரும் திரும்பினார்கள். அவன் திரையைக் காட்டினான்.

"இது சுண்ணாம்புக் கல். துகள் இன்னும் உள்ளே படிக்குது. மலையாகுறதுக்கு முன்னாடி இது சிப்பியா இருந்திருக்கு. கடல்லே."

மலையடியில் மாவு கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது.

சாலையில் லாரி ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். மேற்கே அட்லாண்டிக் பக்கமாக வெள்ளை மணல், இந்த வேலியிலிருந்து அந்த வேலி வரைக்கும், சாலையைக் கடக்க ஆரம்பித்திருந்தது. அவர் மலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். என்ஜினை அணைத்தார். கதவைத் திறந்து இறங்கி, கூடாரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இங்கே தங்க இடம் கிடைக்குமா?"